முதல் மாடிக்குத் தனிக் குழாய்

கட்டடத்துக்குள் காற்று, கரண்ட், தண்ணீர் மூன்றும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் போக வழி வரைந்து கொடுப்பது என் தொழில். கட்டடம் எழும்பி முடியும்போது அவை மூன்றும் சேதமில்லாமல் இருக்கும், எல்லாரிடமும் இடி வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எம்.ஈ.பி. கோஆர்டினேஷன் என்று இதற்குப் பெயர். ஏ.சி. டக்ட்டை ஒருவர் வரைவார், மின்சாரத்தை ஒருவர், தண்ணீரையும் கழிவையும் ஒருவர். சீலிங்குக்கு மேலே இருக்கும் அதே சாண் இடத்தை மூன்று பேரும் தங்களுக்கே எழுதி வைத்ததாக நினைத்து வரைவார்கள். மூன்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றாக வைத்து, எது எதில் முட்டுகிறது என்று பார்த்து, ஆளுக்கு நாலு விரற்கடை ஒதுங்கச் சொல்லிக் கெஞ்சுவது என் வேலை. இதே வேலையில் இருக்கும் அன்பர்கள் இந்த வரியிலேயே பெருமூச்சு விட்டிருப்பீர்கள். மற்றவர்களும் ஏதோ ஒரு ஃபிளாட்டில் இருப்பவர்கள்தானே? பாத்ரூம் சீலிங் ஒழுகி மேல்வீட்டுக்காரரோடு ஒருமுறையாவது சண்டை போட்டிருந்தால் போதும், நீங்களும் நம்ம ஆள்தான்.

நான் நாசரேத் பக்கம் தமிழில் எழுத்துக்கூட்டக் கற்று, அப்பாவுக்குப் புனேயில் ஆகுர்டி தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்ததால் மிச்சத்தைப் பக்கத்து நிக்டியில் மராட்டியில் படித்தவன். அப்புறம் வளைகுடாவில் பல வருஷம். ஐம்பதை நெருங்கும்போது, ‘உனக்கு எந்த ஊர்?’ என்ற கேள்விக்கு ஏதாவது ஒரு பதில் வேண்டுமென்று புனேக்கே திரும்பி வந்தேன். வந்ததும் கையில் கிடைத்த முதல் கட்டடம் லோஹேகாவ் பக்கம். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த ஒரே கட்டடம் எனக்குக் கொடுத்தது.

நடுவில் நான்

லோஹேகாவில் விமானப்படைத் தளம் இருப்பதால், சுற்றுவட்டாரத்தில் எந்தக் கட்டடமும் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த உயரத்துக்குள் எத்தனை மாடி வரும் என்பது சாதாரண வகுத்தல் கணக்கு. எங்கள் பில்டருக்கு வகுத்து வந்த விடை பிடிக்கவில்லை. இன்னும் ஒரு மாடி வேண்டும். வானத்தில் கை வைக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு மாடியிலும் கொஞ்சம், கீழே பார்க்கிங்கில் கொஞ்சம் என்று உயரத்தைச் சுரண்டி, ஒரு மாடியைப் பிதுக்கி எடுத்துவிட்டார்கள். சுரண்டியது மனிதர்கள் நிற்கும் உயரத்தை இல்லை. அவர்கள் தலைக்கு மேலே குழாய்கள் போகும் உயரத்தை. அதாவது என் உயரத்தை.

பில்டர் பக்கத்தில் எல்லா முடிவையும் எடுப்பவர் குல்கர்ணி சாஹேப், புராஜெக்ட் ஹெட். குரலை உயர்த்தவே மாட்டார். சட்டையில் ஒரு மடிப்புக் கலைந்து நான் பார்த்ததில்லை. அவர் முன்னால் வரைபடத்தை விரித்து, "சாஹேப், இந்த இடைவெளியில் டக்ட்டும் குழாயும் சேர்ந்து போகாது" என்றேன். எனக்கு டீ வரவழைத்தார். மேலே ஏர்ஃபோர்ஸ், கீழே பார்க்கிங், நடுவில் நீங்கள் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர் பதில். அதை இந்தியிலேயே கேட்டால்தான் அதன் குளிர்ச்சி தெரியும்: "ஊபர் ஏர்ஃபோர்ஸ் ஹை, நீச்சே பார்க்கிங் ஹை. பீச் மே ஆப் அட்ஜஸ்ட் கரோ."

சரிவு

கரண்ட் ஒயர் எங்கே வேண்டுமானாலும் வளையும். காற்றை ஃபேன் வைத்துத் தள்ளலாம். குடிதண்ணீரைப் பம்ப் வைத்து ஏற்றலாம். கழிவுநீருக்கு மட்டும்தான் பிடிவாதம். சரிவு இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது. இவ்வளவு கொள்கைப் பிடிப்பை நான் மனிதர்களிடம் பார்த்ததில்லை.

எங்கள் ஆர்க்கிடெக்ட் மேடம் தரைத்தள லாபிக்குக் கடல் அலை மாதிரி ஒரு சீலிங் வரைந்திருந்தார். அழகில் குறை சொல்ல முடியாது. அந்த அலைக்குள் கழிவுக்குழாய் ஒன்று போக வேண்டியிருந்தது. நான் மேஜையில் பேனாவைச் சாய்த்து, இந்த முனை உயரம், அந்த முனை தாழ்வு, இடையில் ஏற்றமே வரக் கூடாது என்று பொறுமையாக விளக்கினேன். மேடமும் பொறுமையாகக் கேட்டார். புரிந்துவிட்டது என்று நான் நம்பி முடிப்பதற்குள், ஆங்கிலத்தில் மிகவும் இதமாகக் கேட்டார்: "சரிவைக் கொஞ்சம் சமமாக்கிவிட்டு, அதற்குப் பதிலாகப் பைப்பை நல்ல கம்பெனி பைப்பாகப் போட்டுக்கொள்ளலாமே?"

தண்ணீர்தானே

இனி வருவது விளங்க ஒரு சின்னப் பாடம். மேல் மாடிகளின் கழிவுநீரெல்லாம் ஒரு பெரிய குழாயில் செங்குத்தாகக் கீழே விழும். அடியில் வந்ததும் குழாய் திரும்பிப் படுத்துக்கொண்டு வெளியே போகும். அந்தத் திருப்பத்தில் தண்ணீர் தப்பித்துப் போய்விடும். வாஷிங் மெஷின் நுரை போகாது. அங்கேயே பெருகி நின்று, பக்கத்தில் எந்த வாய் திறந்திருக்கிறதோ அதன் வழியாக மேலே ஏறும். திருப்பத்துக்குப் பக்கத்தில் இருப்பது முதல் மாடி பாத்ரூம். அதனால் முதல் மாடிக்கு மட்டும் தனிக் குழாய் போட்டு, வெளியே தரைக்கடியில் உள்ள சேம்பர் தொட்டியில் நேராகக் கொண்டுபோய்ச் சேர்ப்போம். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற விஷயம்.

நானும் அப்படித்தான் வரைந்தேன். அந்தத் தனிக் குழாய் பார்க்கிங் கூரையை ஒட்டிப் போக வேண்டும். பார்க்கிங்கோ இரட்டைத் தட்டு: மெஷின் ஒரு காரை மேலே தூக்கி வைத்துக்கொள்ளும், அதற்கடியில் இன்னொரு கார் நிற்கும். உயரத்தைத்தான் சுரண்டியாயிற்றே. குழாய் போகிற ஒரே ஒரு இடத்தில், லிஃப்ட்டுக்குப் பக்கத்து இடத்தில், மேல் தட்டை ஏற்ற முடியாது. ஒரு கார் குறையும். குல்கர்ணி சாஹேப் குழாயை எடுத்துவிட்டு முதல் மாடியையும் பெரிய குழாயிலேயே சேர்க்கச் சொன்னார். முடியாது என்று வாயாலும் சொன்னேன், எழுத்திலும் கொடுத்தேன். நுரை மேலே வரும் சாஹேப் என்றேன். தண்ணீர்தானே, எங்கேயாவது போய்விடும் என்று தன் மொழியில், என் பள்ளிக்கூட மொழியில், சொல்லிவிட்டு எழுந்தார்: "பாணீ ஆஹே, ஜாயீல் குடேதரீ."

கேக்

கம்ப்யூட்டரில் நாங்கள் கட்டுகிற கட்டடத்துக்கு ‘மாடல்’ என்று பெயர். எங்கள் சாஃப்ட்வேரில் இரண்டு பொருள்கள் முட்டினால் சிவப்பு, பிரச்சினை தீர்ந்தால் பச்சை. முட்டலுக்கு ‘கிளாஷ்’ என்று பெயர். புனேயில் எங்கள் மாதிரி ஆபீஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி கிளாஷும் தீர்ந்து மாடல் முழுக்கப் பச்சையாகிற அன்று கேக் வெட்டுவார்கள். கூடவே வடாபாவும் வரும். கேக்கின் மேல் கிரீமில் ‘ஸீரோ கிளாஷ்’ என்று எழுதியிருக்கும்.

அந்த மாடலைக் கட்டிக் காத்தவள் ஷாலினி. புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வீட்டில் அம்மாவோடு பேசுகிற அளவுக்குத் தமிழ். மற்றதெல்லாம் வழியில் அகப்படுகிற மொழி. மேலிடத்து உத்தரவு வந்த மறுநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து தனிக் குழாயைத் தேர்ந்தெடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அழிக்க மனமில்லாமல் அதை மறைத்து மட்டும் வைத்தாள். அந்தக் குழாய் கார்த் தட்டில் முட்டியதால் திரையில் மிச்சமிருந்த சிவப்பும் போய் ஒரே பச்சை. கைதட்டினார்கள். குல்கர்ணி சாஹேபே கேக் வெட்ட வந்தார். முதல் துண்டை எனக்கு ஊட்டினார். எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது ஷாலினி என் காதருகே குனிந்து சொன்னாள்: "பர்த்டே கேக் கட் பண்றோம் சர், பட் பேபிய நாமதானே ஹைட் பண்ணி வெச்சோம்?"

கிச்சன்

வீடு வாங்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, கட்டி முடியாத தங்கள் வீட்டைப் பார்த்துப் போகலாம். அப்படி ஒரு ஞாயிறு நான் போனில் யாரையோ தமிழில் திட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "தம்பிக்கு நாசரேத்தா, சாத்தான்குளமா? ஏசுத ஏச்சுலயே தெரியுதே."

விமானப்படையில் வாரண்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற செல்வராஜ் அண்ணாச்சி. லோஹேகாவிலேயே வெகுகாலம் வேலை பார்த்தவர். கூட அவர் மனைவி கிரேஸ் அக்கா, நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்தபடி. இரண்டு முட்டியிலும் ஆபரேஷன், ஒன்று சரியாக அமையவில்லை. "இவளுக்காவத்தான் முதல் மாடி தம்பி. லிஃப்ட் நின்னு போனாலும் பையப் பைய எறங்கிருவா பாத்துக்கிடுங்க. கார் நிப்பாட்டுத எடமும் லிஃப்ட்டுக்கு ஒட்டுனாப்ல கேட்டு வாங்கியிருக்கேன், கீழ்த் தட்டு. கதவத் தெறந்தா சீட்டு" என்றார். அக்கா சிரித்தார். வாராவாரம் ஆஸ்பத்திரி, ஞாயிறு ஆலயம், இரண்டுக்கும் அந்தக் கார்தான் கால்.

சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. உங்கள் மாடிக்குத் தனிக் குழாய் கேளுங்கள், இல்லாவிட்டால் மேல் வீடுகளின் நுரை உங்கள் பாத்ரூமில் ஏறும், எழுதிக் கேளுங்கள் என்றேன். அண்ணாச்சி ராணுவ ஒழுங்கோடு அப்படியே போய்க் கேட்டார். குல்கர்ணி சாஹேப் அவரை உட்கார வைத்து, இந்தக் கட்டடத்திலேயே சிறந்த ஃபிளாட் உங்களுடையதுதான், டிசைனையெல்லாம் பெரிய ஆட்கள் பார்த்திருக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு, என்னைக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. வாங்க வருபவருக்குக் கவலை எதற்கு, கிச்சனைக் காட்டுங்கள் என்று ஒரு அண்ணனைப் போலப் புத்தி சொன்னார்: "கஸ்டமர்லா காளஜீ நகோ, கிச்சன் தாகவா."

சோப்புத் தூள்

குடிவருமுன் குழாய்களைச் சோதிப்பார்கள். மேல் மாடியிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டு, கீழே ஒழுகுகிறதா என்று பார்ப்பது வழக்கம். நான் கடைசி முயற்சியாக வழியில் மளிகைக் கடையில் சோப்புத் தூள் வாங்கிக்கொண்டு போய், இதைக் கரைத்து ஊற்றிச் சோதியுங்கள் என்றேன். நுரை முதல் மாடியில் எட்டிப் பார்த்துவிட்டால் யாரும் மறுக்க முடியாதல்லவா?

பிளம்பிங் ஃபோர்மன் என் கையிலிருந்த பாக்கெட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். சோதனைப் பட்டியலில் ‘தண்ணீர்’ என்றுதான் போட்டிருந்தது. வெறும் தண்ணீரை விட்டார்கள். வெறும் தண்ணீர் போயிற்று. கையெழுத்தும் ஆயிற்று. பாக்கெட்டை நான் வீட்டுக்கே கொண்டுவந்தேன். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரிக்கும்படி ஃபோர்மன் கேட்டது, டெஸ்ட் செய்யவா, துணி துவைக்கவா என்று: "சாப், டெஸ்ட் கர்னா ஹை யா கப்டே தோனே ஹை?"

ஞாயிற்றுக்கிழமை வாசனை

குடிவந்தார்கள். வீடுகள் ஒவ்வொன்றாக நிரம்பின. ஒரு ஞாயிறு காலை அண்ணாச்சியிடமிருந்து போன்: "தம்பி, நீங்க சொன்ன விருந்தாளி வந்திருக்காரு. வாங்க."

நிக்டியிலிருந்து லோஹேகாவ் போய்ச் சேர்ந்தபோது ஹாலில் பாய்களைச் சுருட்டி அணை கட்டியிருந்தார்கள். பாத்ரூம் தரையில் இருக்கும் சல்லடை மூடி வழியாக நுரை பொங்கி, வாசல் மேட்டைத் தாண்டி, வெள்ளை வெளேரென்று நடையில் வந்துகொண்டிருந்தது. விடுமுறை நாளாயிற்றே, மேலே எல்லா வீட்டிலும் துணி துவைக்கிறார்கள். ஊன்றுகோல் வழுக்கும் என்பதால் கிரேஸ் அக்கா காலையிலிருந்து நாற்காலியைவிட்டு எழவில்லை. பாத்ரூமுக்கும் போகவில்லை. நான் என்ன ஏதென்று கேட்க வாயெடுத்தபோது அவரே முந்திக்கொண்டார். அப்போதும் சிரித்த முகம்தான். ஊன்றுகோலால் நுரையைக் காட்டிச் சொன்னார்: "மேல எந்த வீட்ல என்ன சோப்புப் போடுதாங்கன்னு வாசனைய வச்சே சொல்லிருவேன் தம்பி. இன்னைக்கு மல்லியப்பூ."

பைப் யாருடையது?

இதற்கு இருந்த ஒரே வைத்தியம் முதலில் நான் வரைந்த அதே தனிக் குழாய்தான். பில்டர் பெருந்தன்மையாக, இலவசமாகவே போட்டுத் தருவதாக ஒப்புக்கொண்டார். வீட்டுக்காரர்கள் சங்கமான சொசைட்டியின் கூட்டத்துக்கு என்னையும் அழைத்தார்கள். குழாய் போனால் லிஃப்ட்டுக்குப் பக்கத்து இடத்தில் மேல் தட்டு ஏறாது என்று விளக்கினேன். அந்த மேல் தட்டு நாலாவது மாடியில் இருக்கும் ஐ.டி. தம்பதியுடையது. கீழ்த் தட்டு அண்ணாச்சியுடையது. இனி அங்கே ஒரு கார்தான் நிற்கும். யார் கார்?

பில்டரே இன்னொரு இடம் கொடுக்க வேண்டும் என்று நான் எழுந்து சொன்னேன். எல்லாம் விற்றாகிவிட்டது என்றார் குல்கர்ணி சாஹேப். விருந்தாளிகளுக்கான இடம் இரண்டு காலியாகவே கிடக்கிறதே என்றேன். அது விருந்தாளிகளுக்கு என்றார்கள். பெரிய குழாயில் வந்தது மேல் வீட்டு நுரைதானே, அண்ணாச்சி என்ன தப்பு செய்தார் என்றேன். தப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே என்றார்கள். நாலாவது மாடிக்காரர், தான் குழாய் கேட்கவில்லை என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அதுவும் உண்மைதான். கூட்டத்தில் நியாயம் பேசியவர்கள் எல்லாரும் நல்லவர்கள். கணபதி விழாவுக்கு அண்ணாச்சி வீட்டிலிருந்து போன கேக்கைச் சாப்பிட்டவர்கள். கை தூக்கச் சொன்னபோது தூக்கினார்கள். அண்ணாச்சி எண்ணிப் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். பைப் முதல் மாடிக்காக, ஆகவே இடத்தையும் முதல் மாடிதான் கொடுக்க வேண்டும் என்று செயலாளர் முடிவை வாசித்தார்: "பைப் கிஸ்கா? ஃபர்ஸ்ட் ஃப்ளோர் கா. தோ ஜகா பீ ஃபர்ஸ்ட் ஃப்ளோர் தேகா."

வழி

ஷாலினி மறைத்து வைத்திருந்த குழாயைத் திரும்பக் கொண்டுவந்தாள். அந்த மேல் தட்டை மாடலிலிருந்து எடுத்தாள். மறுபடி எல்லாம் பச்சை. இந்த முறை கேக் வெட்டவில்லை, அந்த மட்டும் நல்லது. குழாயும் போட்டு முடிந்தது. முதல் மாடியில் இப்போது நுரை வருவதில்லை. வேலையை ஒப்படைக்கிற அன்று நான் பார்க்கிங்கில் நின்று தலைக்கு மேலே என் குழாயைப் பார்த்தேன். முதல் நாள் நான் வரைந்த அதே சரிவு, அதே வழி. அதற்கடியில் நாலாவது மாடிக்காரரின் கார்.

அண்ணாச்சியின் கார் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்தில். அன்று ஆஸ்பத்திரி நாள் போல. லிஃப்ட் திறந்து கிரேஸ் அக்கா வெளியே வந்தார். முன்பு கதவைத் திறந்தால் சீட்டு. இப்போது பார்க்கிங்கைக் கடந்து, சரிவுப் பாதையில் இறங்கி, கேட்டைத் தாண்டி, ரோட்டைப் பிடிக்க வேண்டும். ஊன்றுகோலை எடுத்து வைக்கிறார், நிற்கிறார், எடுத்து வைக்கிறார். சரிவில் இறங்கும்போது அண்ணாச்சி முன்னால் போய்ப் பின்னோக்கி நடந்தார், விமானத்தைக் கைகாட்டி நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவருகிற மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. நான் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து லோஹேகாவிலிருந்து ஒரு ஜெட் கிளம்பி எங்கள் தலைக்கு மேலே போயிற்று. சத்தம் அடங்கும்வரை மூன்று பேரும் சரிவில் அப்படியே நின்றோம். அடங்கியதும் அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சொன்னார். திட்டவில்லை, திட்டியிருக்கலாம்: "பிளேன் போவ மேல வழி விட்டாச்சு. தண்ணி போவ கீழ வழி விட்டாச்சு. இனி இவ நடக்கதுக்குத்தான் ஒரு வழி நீங்க வரையணும், தம்பி."

மாடலைத் திறந்து பார்த்தால் அந்தக் கட்டடம் இன்றைக்கும் முழுப் பச்சைதான், ஏனென்றால் முட்டி வலியோடு கேட்டைத் தாண்டி நடக்கிற ஒரு அம்மாவையும் அதில் வரைய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.